இடது பக்கப் பேனல்

நாலு நாள் மூட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் வந்தது. ஸ்கூட்டரைப் பட்டறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். வலது பக்கம் நின்று பார்த்தேன். மயில்கழுத்துப் பச்சை, அடியில் யாரோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி, ஆழமாகவும் சீராகவும் மின்னியது. என் வேலையைப் பார்த்து நானே சிரித்துக்கொள்வது அபூர்வம். அன்றைக்குச் சிரித்தேன். சிரித்த முகத்தோடு சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன்.

அங்கே அதே பச்சை பட்டை பட்டையாக நின்றது. ஒரு கை அகலத்துக்கு அடர்த்தி, அடுத்த கை அகலத்துக்கு வெறிச்சென்று. துடைத்த துணியின் தடமோ என்று மறுபடி துடைத்தேன். குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், நாலடி பின்னால் போய்ப் பார்த்தேன். எங்கே போனாலும் பட்டை என் கூடவே வந்தது.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க," என்றேன்.

என் கணவர் கையைத் துடைத்தபடி வந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். நசுங்கிய தகட்டைத் தட்டி, தேய்த்து, பிறந்தபடி ஆக்குவதில் அவருக்கு இணை கிடையாது. வர்ணம் அடிப்பது மட்டும் எட்டு வருஷமாக நான். ஆனால் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் மாஸ்டர், நான் மாஸ்டர் சம்சாரம். வண்டியை எடுக்க வரும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, என்னிடம் தண்ணீர் கேட்பார்கள்.

அவர் இடது பக்கத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார், தப்பு அங்கே இருப்பது போல.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்றார்.

"வெயில் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான்."

"லேசாத்தான தெரியுது."

"இது லேசா? வரிக்குதிரை மாதிரி இருக்கு."

என் கோபம் புரிய வேண்டுமென்றால் ஃபிளேக் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். சர்க்கரைத் துகளைவிடச் சின்ன மின்னும் துணுக்குகள். கிளியர் வார்னிஷில் கலந்து, கறுப்புப் பூச்சின் மேல் அடிப்போம். ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி. அது விழுந்த சாய்வுக்குத் தகுந்தபடிதான் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். துணுக்கு கனமானது, ஸ்பிரே கன்னின் கிண்ணத்துக்குள் சும்மா நின்றாலே அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு வரிசை அடித்ததும் கன்னைக் குலுக்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி குலுக்க வேண்டும். நான் முழ நீளம் தள்ளி நின்று, மெல்லிசாக மூன்று தடவை அடிப்பேன். மூன்றாவது தடவை குறுக்காக. கையெழுத்து மாதிரிதான் இதுவும். ஒருத்தர் அடித்ததை இன்னொருத்தர் தொடர முடியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. வெயிலில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இந்த ஸ்கூட்டர் ஒரு பல் டாக்டரம்மாவுடையது. போன மாதம் யாருக்கோ நான் அடித்துக் கொடுத்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர். பட்டறைக்குள் நுழைந்ததும் என் கணவர் எழுந்து நிற்க, "நீங்க இல்ல சார். அந்த ஹெல்மெட் அடிச்சவங்க யாரு?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் என்னைத் தேடி ஒருத்தர் வந்தது அதுதான் முதல் தடவை. "முழு வண்டியும் நீங்க அடிக்கணும். உங்க கைதான் எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அடிக்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை.

முன் தகடு, மட்கார்டு, வலது பேனல் எல்லாம் முடித்து, மிச்சம் இருந்த ஃபிளேக்கை, இறுக வைக்கும் ஹார்ட்னரோடு கலந்து கன்னில் ஊற்றிய நேரத்தில்தான் பின்கட்டில் சத்தம் கேட்டது. என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். கணவர் சாமான் வாங்கப் போயிருந்தார். கன்னை அப்படியே மாட்டிவிட்டு, அத்தைக்குத் துணி மாற்றி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மணிக்கட்டில் விரிசல். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்று, பட்டறைக்குத் திரும்பியிருந்த கணவருக்குப் போன் செய்தேன். "பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன். "சரி, நான் இங்க பாத்துக்கறேன்," என்றார். இங்கே எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் வந்தபோது இடது பேனல் அடித்து முடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஹார்ட்னர் கலந்தது ரெண்டு மணி நேரத்துல கல்லாயிடும்ல. கடைசி ஃபிளேக். அதான் வீணாக்காம அடிச்சிட்டேன்," என்றார். முகத்தில் அத்தனை பெருமை. நான் அத்தையைப் படுக்க வைக்கப் போனேன். அலுப்பு. மறுநாள் அத்தைக்கு மாத்திரைக்கும் கஞ்சிக்கும் நடுவே ஓடி ஓடி, எல்லா பாகத்துக்கும் நாலு கோட் கிளியர் போட்டு மெருகேற்றியதும் நான்தான். டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் என் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. வெயில் வரட்டும் என்று அதைத் தள்ளிப் போட்டேன். இப்போது வெயில் வந்துவிட்டது. டாக்டரம்மா நாளைக்குப் பதினோரு மணிக்கு வருகிறார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல," என்றேன்.

"அம்மாவ வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில நிக்கற. பெயிண்ட் அடிக்கட்டுமான்னு கேக்கச் சொல்றியா?"

"கேக்கச் சொல்றேன்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"தூக்கிப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"பாத்தியா. கடைசி ஃபிளேக்க தூக்கிப் போடச் சொல்ற. அதனாலதான் கேக்கல."

நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்பதால் என்னைக் கேட்கவில்லை. இவர் எதையும் கெடுக்க நினைத்துச் செய்வதில்லை. எல்லாம் உதவி. நான் பாதி மடித்து வைத்த துணியை மடிப்பார், எனக்கு வேண்டிய அளவில் இருக்காது. நான் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவை அவர் சொல்லிவிடுவார். சண்டை போடவும் முடியாது. உதவி செய்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அத்தை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு எட்டு வயசு இருக்கும், நான் என் அக்காவுக்குக் கடிதாசி எழுதிக்கிட்டிருந்தேன்," என்று ஆரம்பித்தார். "பாதியில அடுப்பைப் பாக்கப் போனேன். திரும்பி வந்தா கடிதாசியக் காணோம். இவனே மிச்சத்த எழுதி, ஒட்டி, தபால் பெட்டில போட்டுட்டு வந்து நிக்கறான். நானும் எங்கக்காவும் ரெண்டு வருஷம் பேசல."

"என்ன எழுதினாரு அத்தை?"

"அம்மாவுக்கு உங்க மேல கோவம் இல்லன்னு எழுதியிருக்கான். எங்கக்காவுக்கு அதுவரைக்கும் நான் கோவமா இருக்கறதே தெரியாது."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

என் கணவர் வண்டியைச் சுற்றி நடந்தார். "நல்லா யோசிச்சுப் பாரு. வலது பக்கம் நிக்கறவனுக்கு இடது பக்கம் தெரியாது. இடது பக்கம் நிக்கறவனுக்கு வலது பக்கம் தெரியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க எவனுக்குக் கழுத்து இருக்கு?"

"நடந்து வந்து பாப்பாங்க."

"நடந்து வர்றதுக்குள்ள மறந்துடும்."

"அவங்க பல் டாக்டர். பக்கத்துப் பல்லோட நிறத்துக்குப் பொய்ப்பல்லு பொருத்தறவங்க. அன்னிக்கு இங்க இருந்த என் இன்னொரு ஹெல்மெட்டயே ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தவங்க. அவங்களுக்கா மறக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கிறபோது எனக்குப் பயமாக இருக்கும்.

"அப்ப ஒண்ணு செய்யலாம். வலது பக்கத்தையும் நானே அடிச்சிடறேன். ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும்."

நான் கையிலிருந்த துணியைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று முழுக்க முட்டி மோதினேன். ஃபிளேக் பொட்டலத்தை உதறிப் பார்த்தால் ஒரு ஸ்பூன் கூடத் தேறவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தேன். புதுச் சரக்கு வர மூன்று வாரம் என்றார். "அதுவும் இதே பச்சைதான் வரும்னு உத்தரவாதம் இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் மாறும்." வெறிச்சென்ற பட்டைகளின் மேல் மெல்லிசாகப் பச்சைச் சாயம் கலந்த கிளியரை அடித்தால் கண்ணை ஏமாற்றலாமா என்று அடி ஓரத்தில் ஒரு விரலளவு முயன்றேன். அந்த இடம் குளத்துப் பாசி மாதிரி ஆகிவிட்டது. துடைத்தெடுத்தேன். மெருகு போடும் சக்கரத்தை ஓட்டினேன், பட்டை இன்னும் பளபளப்பான பட்டையாக ஆனதுதான் மிச்சம். நடுவில் அவர் வந்து, பேனல் மேல் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் பார்வை அதில் போய்விடும் என்றார். வலது பக்கமும் கோடு போடணுமே என்றேன். "போடு," என்றார். என் வலது பக்கத்தில், எந்தக் குறையும் இல்லாத என் வலது பக்கத்தில், அவர் குறையை மறைக்க நான் கோடு போட வேண்டும்.

"நீங்க தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் பாதி பாரம் இறங்கிடும்," என்றேன்.

"தப்பா? காப்பாத்தினேன். இல்லன்னா இன்னிக்கு அந்தப் பக்கம் வெறும் கறுப்பாத்தான் இருந்திருக்கும்."

"வெறும் கறுப்பா இருந்திருந்தா, இன்னும் முடியலன்னு சொல்லியிருப்பேன். இத என்னன்னு சொல்றது?"

அன்றைக்கு இருவரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம். அத்தை மட்டும் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டு, "இன்னொருத்தி ஊட்டி விட்டா வாய்க்கும் கைக்கும் சம்பந்தமே இல்ல," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

காலையில் நான் பட்டறைக்கு வந்தபோது அவர் முந்திக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் இடது சுவரோடு ஒட்டி நின்றது. சுவருக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. வலது பக்கம் வாசல் வெளிச்சத்தைப் பார்த்து ஜொலித்துக்கொண்டிருந்தது. தரையைக் கூடக் கழுவி வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் இழுத்து வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அங்கே நின்று பார்த்தபோது அது முழுக்க என் வண்டியாகவே இருந்தது. இப்படியே டாக்டரம்மா வந்து, பார்த்து, சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று என் மனசும் கேட்டது. ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வலது பக்கத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். கைப்பையை முன் மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, பேனலில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தார்.

"எவ்ளோ ஆழம்," என்றார் மெதுவாக. "உள்ள கை விட்டு எடுக்கலாம் போல இருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சொன்ன மாதிரி முழுசும் நீங்களே அடிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். கையிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"எல்லாம் அவ கைதான் மேடம்," என்றார் என் கணவர் பின்னாலிருந்து. "நான் தகட்டைத் தட்டினதோட சரி. ஃபிளேக் விஷயத்துல இவள அடிச்சுக்க ஆளே கிடையாது. மாஸ்டர்னா இவதான்."

எட்டு வருஷம். எத்தனை வண்டி, எத்தனை ஹெல்மெட், ஒரு பாட்டுக் குழுவின் டிரம் செட் முழுசும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாடிக்கையாளர் முன்னால் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாரா. எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் இதைக் கேட்க. கடைசியில் சொன்னார், அவர் அடித்த பேனலை என் தலையில் கட்டுவதற்காக. மனசாரத்தான் சொன்னார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல மேடம்," என்றேன். "இடது பக்கம் நான் அடிக்கல. இவர் அடிச்சது. வெளிய தள்ளறேன், வெயில்ல பாருங்க."

"இந்தா," என்று என் கணவர் அடிக்குரலில் தடுத்தார். நான் ஸ்டாண்டை எடுத்துவிட்டேன்.

வெயிலில் டாக்டரம்மா இடது பக்கம் நின்றார். வலது பக்கம் போனார். மறுபடி இடது பக்கம் வந்தார். அவர் முகம் மாறியது.

"மேல் பல்லு ஒரு டாக்டரும் கீழ்ப் பல்லு ஒரு டாக்டரும் கட்டின மாதிரி இருக்கு," என்றார். "ஏன் இப்படி ஆச்சு?"

சொன்னேன். மாமியார் விழுந்தது, கலந்து வைத்தது, ஹார்ட்னர். என் கணவர் காலால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மறைக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. சுவரோடு ஒட்டி நிறுத்தியது அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் அப்படி நிறுத்தினேன்," என்றார் என் கணவர்.

"நானும் பாத்துட்டு நகத்தல," என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தங்கை ஊருக்கு இந்த வண்டியிலேயே போவதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். "சரி, எப்ப முடியும்?"

"ஃபிளேக் வர மூணு வாரம். ஆனா..." வலது பேனலின் மேல் கையை வைத்தேன். "புதுச் சரக்கு ஒரு நூல் நிறம் மாறும். இடது பக்கம் மட்டும் அடிச்சா மறுபடி ஒட்டாது. முன் தகடு, வலது பக்கம் எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டு, மொத்தமா அடிக்கணும்."

அவர் வலது பேனலை இன்னொரு தடவை பார்த்தார். "இதையுமா?"

"இதையும்தான்."

"ஒரு மாசம் தரேன்," என்றார். "அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் வண்டிய எப்படி இருக்கோ அப்படியே எடுத்துட்டுப் போயிடுவேன். இந்தத் தடவையாவது முழுசும் நீங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மத்தியானம் பாகங்களைக் கழற்றினோம். இடது பேனலை அவர் பக்கம் தள்ளினேன். "இத நீங்க தேயுங்க." வலது பேனலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அத நான் தேக்கறேன். நீ பாக்க வேணாம், உள்ள போ," என்றார்.

"வேணாம். அடிச்ச கை தேய்க்கட்டும்."

தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். முதலில் கிளியர் பால் மாதிரி வந்தது. கொஞ்ச நேரத்தில் தாள் துணுக்குகளை எட்டியது. எட்டிய இடமெல்லாம் பச்சை உரிந்து, துணுக்குகள் வெறும் வெள்ளைத் தகரமாக நின்றன. கண்ணில் நீர் முட்டியது. அழுதால் ஆறுதல் சொல்ல வருவார், ஏதாவது எசகுபிசகாகச் சொல்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையில் தண்ணீர்க் குவளை. தாள் காய்ந்தால் கீறல் விழும், அதனால் யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குவளையைச் சாய்க்கப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"ஊத்தட்டுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கேலி செய்கிறாரா என்று தேடினேன். இல்லை. குவளையைப் பிடித்தபடி, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

"ம்," என்றேன்.

ஊற்றினார். நான் தேய்த்தேன். ஐந்து இழுப்பு முடிந்தது.

"ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க."

இன்னும் ஐந்து இழுப்பு.

"ஊத்தட்டுமா?"

"ஏங்க, இதுக்கெல்லாமா ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க? தாள் காயுது பாருங்க."

"அப்ப எதுக்குக் கேக்கணும், எதுக்குக் கேக்க வேணாம்னு ஒரு கணக்கு சொல்லு. எனக்கு அது புரியறதில்ல," என்றார். குரலில் எரிச்சலும் இருந்தது, நிஜமான குழப்பமும் இருந்தது. "அன்னிக்கு போன் பண்ணியிருக்கணும். அது எனக்கு அன்னிக்கே தெரியும். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னுதான் பண்ணல."

நேற்று முழுக்க நான் பிடுங்கப் பார்த்த வார்த்தை, நான் கேட்காத நேரத்தில், ஈரத் தரையில் வந்து விழுந்தது. அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் வரவில்லை, தூக்கி எறியவும் வரவில்லை. வலது பேனல் என் மடியில் பாதி பச்சையும் பாதி தகரமுமாக இருந்தது.

"கணக்கெல்லாம் எனக்கும் தெரியாது," என்றேன். "கன்னைத் தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. தண்ணிக்குக் கேக்காதீங்க."

"சரி."

"கதை சொல்றப்ப முடிவச் சொல்லாதீங்க."

"அது எப்ப சொன்னேன்?"

"தண்ணி ஊத்துங்க," என்றேன்.

ஊற்றினார். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார், என் புடவை முழங்கால் வரை நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த இழுப்பை ஆரம்பித்தேன்.